பிழி கர்னைலு, பிழி

சீமைக்குப் பிழைக்க வந்த நம்ம பஞ்சாபிக்காரர்கள் நிறைந்த ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் மண்டபம் பிடிப்பார்கள். அடுத்த வேலை ரேஷம் கௌர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது. சமையலுக்குச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். சாப்பாடு சுமாராக இருந்தால் ஒரு வாரம் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். ரேஷம் வராத கல்யாணத்தைப் பற்றி மட்டும் பத்து வருஷம் கழித்தும், "அது என்ன கல்யாணம், உப்புச் சப்பில்லாம?" என்பார்கள்.

அவள் பாடுவது ஏசல். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைக்கும் நேரம் பார்த்து, பெண் வீட்டுப் பெண்கள் ஓரமாகக் கூடி நின்று அவர்களை வைது பாட வேண்டும். மாப்பிள்ளையின் அப்பன் குண்டு, சித்தப்பன் கஞ்சன், அத்தைக்காரி குறட்டை என்று பெயரைச் சொல்லியே பாட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது யாருக்கும் உறைக்காது. கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கோபித்துக்கொண்டால் அதற்கும் ஒரு பாட்டு தயாராக இருக்கும்.

ரேஷம் இதை ஏனோதானோவென்று செய்கிறவள் அல்ல. நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளை வீட்டாரை நோட்டம் விட ஆரம்பித்துவிடுவாள். யார் மூன்றாவது லட்டுக்குக் கை நீட்டுகிறார், யார் மனைவியைப் பார்த்துப் பயப்படுகிறார், யாருடைய செருப்பு கிழிந்திருக்கிறது எல்லாம் அவள் கணக்கில் ஏறிவிடும். போலீஸ்காரர்கள்கூட அவ்வளவு விசாரிப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பகலில் அவளுக்கு ஸோஹோ ரோட்டுக்குப் பின்னால் ஒரு தையல் தொழிற்சாலையில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் வேலை. நாற்பது மெஷின் சேர்ந்து ஓடும் அந்த இரைச்சலில் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, பாடினால் கேட்கும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் மெஷின் ஓட்டத்துக்குத் தோதாக அடியை இழுத்தும் சுருக்கியும் பாடிப் பாடித்தான் அந்தக் குரல் அப்படி ஆனது. அவள் கணவர் பியாரா சிங்குக்கு இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை. ஆலை இரைச்சலில் ஒரு காது போய்விட்டது. "வீட்டுப் பக்கம் இருக்கற காதுதான் போச்சு. பகவான் பாத்துச் செஞ்ச ஏற்பாடு" என்பார், அவள் காதில் விழும்படியாகவே.

எண்பத்தொன்பது மே மாதம் அவர்களுடைய ஒரே மகள் தல்ஜீத்துக்குக் கல்யாணம். பையன் ஸ்மெதிக்கில் பஸ் ஓட்டும் கர்னைல் சிங்கின் மகன். கர்னைல் சிங் ஆறடி உயரம், அதிகம் பேசமாட்டார். பேசாததற்கெல்லாம் சேர்த்து அவருடைய மீசை பேசும். இரண்டு முனையும் மேல் நோக்கி முறுக்கியிருக்கும். சிக்னலில் பஸ் நின்றால் கை தானாக அங்கே போய்விடும். நிச்சயதார்த்தத்தன்று அவர் நான்கு டம்ளர் மோர் குடித்ததையும், நான்கு முறையும் மீசையைத் துடைத்துக்கொண்டதையும் ரேஷம் பார்த்து வைத்திருந்தாள்.

பெண்ணைப் பெற்றவளே எழுந்து ஏசல் பாடுவது வழக்கமில்லை. சித்திகளும் அத்தைகளும்தான் பாடுவார்கள், அம்மாக்காரி முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும். ரேஷமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் தங்கைகள் ஆரம்பித்த ஏசல் அந்தப் பெரிய மண்டபத்தில் மூன்றாவது மேசையைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் போய், கல்யாணத்துக்குப் பாட்டுப் போட வந்திருந்த சுக்கி என்ற பையனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"சம்பந்தி கர்னைலு மீசையைப் பாரு,
மோர்க்குடத்தில் முங்கி வந்த மீசையைப் பாரு,
முறுக்கிவிட்ட முனையிலே முத்து முத்தாச் சொட்டுது,
ரெண்டு சொம்பு தேறுமே, பிழி கர்னைலு, பிழி!"

மண்டபம் அதிர்ந்தது. கர்னைல் சிங்குக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் எழுந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குள் சுக்கி, சபை சூடாக இருக்கும்போதே ஆடவிட வேண்டும் என்று நினைத்து அடுத்த பாட்டைப் போட்டுவிட்டான். பாதிப் பந்தி கை கழுவாமல் ஆடப் போய்விட்டது. கர்னைல் சிங்கும் உட்கார்ந்துவிட்டார்.

சுக்கியை நம்ம பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வயது. தோளில் மாட்டி அடிக்கும் டோல் மேளம் அடிப்பான், ஆர்மோனியப் பெட்டியும் தட்டுவான். அவன் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, தாளம் போடும் மெஷின் ஒன்று, பிடித்த சத்தத்தைத் துண்டாக நறுக்கித் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மெஷின் ஒன்று, அடிவயிற்றில் குத்தும் ஓசை எழுப்பும் கீபோர்டு ஒன்று என்று வைத்திருந்தான். ஒரு மாதம் கழித்து லட்டு டப்பாவுடன் ரேஷம் வீட்டுக்கு வந்தான்.

"ஆன்ட்டி, அன்னிக்கு நீங்க மைக்கைப் பிடுங்கினப்போ என் டேப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு. சும்மா வெச்சு விளையாடிப் பாத்தேன். கேட்டுட்டு, வேணாம்னா அழிச்சுடறேன்" என்று ஹெட்போனை நீட்டினான்.

ரேஷம் காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் டோல். அப்புறம் நெஞ்சுக்குள் இடிப்பது போன்ற மெஷின் அடி, விடாமல், தொழிற்சாலையில் நாற்பது மெஷினும் ஒரே துணியைத் தைப்பது போல. அதன் நடுவில் அவளுடைய சொந்தக் குரல். முழுப் பாட்டு ஒரு தடவை வந்தது. அப்புறம் கடைசி வரி மட்டும் நறுக்கி, "பிழி, பிழி, பிழி கர்னைலு, பிழி" என்று சுற்றிச் சுற்றி வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குத் தோள் ஆடியது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தன் குரலை வெளியே நின்று கேட்கிறாள், அது அவளுக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று.

"கேசட்டாப் போடலாமா ஆன்ட்டி? அங்கிள் பேரை மட்டும் எடுத்துடறேன். வெறும் 'பிழி பிழி'ன்னு வெச்சுக்கலாம்."

"பேரை எடுத்துட்டா அதுல என்னடா இருக்கு? துணி துவைக்கற பாட்டு மாதிரி இருக்கும். இருக்கட்டும் விடு. எத்தனை கர்னைலு இருக்கான் ஊர்ல!"

இதுதான் அவள் செய்த தவறு. பேர் இருந்தால்தான் ருசி என்பது கல்யாணத்துக்குச் சரி. அங்கே ஒரு முறை பாடினால் காற்றோடு போய்விடும். இது போகாத பாட்டு என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. பெருமையில் ஏறாமல் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் கேசட் வந்தது. மிட்டாய்க் கடைகளில் ஜிலேபிக்குப் பக்கத்தில் அடுக்கி விற்றார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்ததும் விஷயம் கைமீறியது. நம்ம பிள்ளைகளுக்கு இரவில் வெளியே போக அனுமதி கிடையாதே. அதனால் அவர்களுடைய டிஸ்கோ எல்லாம் பகலில்தான், மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடியும். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பையில் ஜீன்ஸை மறைத்துக்கொண்டு வந்து, கழிவறையில் மாற்றிக்கொண்டு ஆடுவார்கள். ஐந்து மணிக்கு நல்ல பிள்ளையாக வீட்டில் ரொட்டி தின்பார்கள். அந்தப் பகல் டிஸ்கோக்களில் இந்தப் பாட்டு வந்தால் ஐந்நூறு பேரும் ஈரத்துணியைப் பிழிவது போல இரண்டு கையையும் முறுக்கிப் பிழிந்து ஆடினார்கள். லெஸ்டரில் ஆடினார்கள், பிராட்ஃபோர்டில் ஆடினார்கள்.

ஸ்மெதிக்கில், கர்னைல் சிங் ஓட்டிய பஸ்ஸின் மாடியிலும் ஆடினார்கள்.

முதலில் தெரிந்தது தல்ஜீத் வழியாகத்தான். வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"மம்மி, நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. மாமா எதுவும் சொல்லலை. சொல்லாததுதான் பயமா இருக்கு. எங்ககூட உக்காந்து சாப்பிடறதில்லை. குருத்வாராவுக்குக்கூட விடியக்காலையிலே போயிட்டு வந்துடறார். மீசையை முறுக்கறதையே விட்டுட்டார் மம்மி. தொங்குது. பாக்கவே முடியலை."

"அந்தச் சுக்கிப் பயலைப் போய்க் கேக்கலியா?"

"இவரும் அத்தையும் போய்க் கத்திட்டு வந்தாங்க. இனிமே எங்க சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கும் அவனைக் கூப்பிடறதில்லேன்னு முடிவாம். உன்னைக் கேக்காம உன் குரலைத் திருடிட்டான்னுதான் எல்லாரும் பேசிக்கறாங்க."

ரேஷம் போனைப் பிடித்தபடி நின்றாள். 'நான்தாண்டி சரின்னேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் மிட்டாய்க் கடையில் சுக்கியைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஆன்ட்டி, நீங்க சம்மதிச்சதை நான் யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை வலித்திருக்காது.

டிசம்பர் வந்தது. தல்ஜீத்துக்கு ஜனவரியில் முதல் லோஹ்ரிப் பண்டிகை. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முதல் லோஹ்ரி என்றால் வாசலில் தீ மூட்டி, சுற்றிலும் ஊரைக் கூட்டி, பெண்ணைப் பெற்றவர்கள் எள்ளும் வெல்லமும் துணியும் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைப்பு வந்தால்தான் போக முடியும். அழைப்பு வரவில்லை. பெற்றவள் வராத லோஹ்ரியில் உட்கார்ந்த பெண்ணை அந்தத் தெரு காலமெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். தொழிற்சாலையில் ரேஷம் பாடுவதை நிறுத்தினாள். "என்ன அக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றாள். ஒரு வாரம் அப்படி ஓடியது. எட்டாம் நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேறு எங்கேயும் போகாமல், கர்னைல் சிங்கின் பஸ்ஸில் ஏறினாள்.

டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. கர்னைல் சிங் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார். மூன்றாவது நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறின. அதில் ஒரு வாண்டு டிக்கெட்டைக் காட்டிவிட்டு இரண்டு கையையும் முறுக்கி ஒரு பிழி பிழிந்தது. பின்னால் வந்த ஆறேழு பேரும் அப்படியே பிழிந்துகொண்டே மாடி ஏறினார்கள். மேலே தட்தட்டென்று கால்கள் தாளம் போட்டன. கர்னைல் சிங்கின் கை மீசைப் பக்கம் கொஞ்சம் உயர்ந்தது, பாதியிலேயே ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட்டது. இதுவரை கேட்டது வேறு, பார்ப்பது வேறு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். வண்டி பத்து நிமிஷம் நிற்கும்.

"இறங்கலியா, பெஹன்ஜி?" என்றார் அவர், சகோதரி என்று மரியாதையாகத்தான், ஆனால் திரும்பாமல்.

"வீர்ஜி, என் அண்ணனா நெனச்சு ஒண்ணு சொல்லணும். சுக்கி மேல தப்பில்லை. பேரை எடுத்துடறேன்னுதான் சொன்னான். எடுக்காதேன்னது நான்."

அவர் என்ஜினை அணைத்தார். ரேஷம் முக்காட்டை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"தெரியுமா? எப்படி?"

"மைக்கையே பிடுங்கற ஆளு. உங்களைக் கேக்காம உங்க குரலை ஒருத்தன் எடுத்துட முடியுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"நீங்க பாடினதுல எனக்குக் கோவம் இல்லை பெஹன்ஜி. ஏசல்ல அடிபடாத சம்பந்தி என்ன சம்பந்தி? அன்னிக்கு அந்த மண்டபத்துல என்னைவிடச் சிரிச்சவன் யாரு? ஆனா எங்க ஊர்ல ஏசல் பாடினா மாப்பிள்ளை வீட்டுக்காரன் எழுந்து நின்னு பதில் பாடுவான். அதோட சரியாப் போச்சு, தோள்ல கை போட்டுட்டு சாப்பிடப் போவோம். நான் எழுந்தேன். பதில் வாயில இருந்துச்சு. அதுக்குள்ள அந்தப் பய டமடமன்னு போட்டுட்டான். மே மாசத்துலேர்ந்து அது என் வயித்துல கிடக்கு. தினம் முந்நூறு பேர் என்னைக் கேக்கறாங்க, எனக்குப் பதில் சொல்ல எடமே இல்லை."

"இப்பப் பாடுங்க. நான் கேக்கறேன்."

"காலி பஸ்லயா? நல்லா இருக்கே! சபைல வாங்கினேன், சபைலதான் குடுப்பேன்."

ரேஷம் கௌர் ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் அவளுக்கே உரிய அந்தப் பிடிவாதம் முகத்தில் வந்து உட்கார்ந்தது. "சபைதானே? ஐந்நூறு பேர் போதுமா?" என்றாள்.

அவரைச் சுக்கியின் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, பஸ் சீருடையோடு வந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சபையில் போடும்வரை அந்தப் பாட்டை ரேஷம் கேட்கக் கூடாது. ஆகவே அவள் குளிரில் கொல்லைப்புறத்தில், சுக்கியின் அம்மா கொடுத்த சோம்பு டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மெஷின் அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். வார்த்தை எதுவும் கேட்கவில்லை, கத்தல் மட்டும் கேட்டது.

"அங்கிள், நீங்க லேட்டா ஏறறீங்க. மெஷின் யாருக்கும் நிக்காது. நீங்கதான் அதுக்குள்ள ஏறணும்."

"நான் பஸ் ஓட்டறவன்டா. ஆள் ஏறி உக்கார்ற வரைக்கும் வண்டி நிக்கணும். அதான் முறை."

"இது பஸ் இல்ல அங்கிள்!"

ஒரு மணி நேரம் இதே சண்டை. ரேஷத்துக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டித் திறந்தாள்.

"டேய் சுக்கி, நீ டோல் அடிக்கறவன்தானே? ஒரு ஆம்பளை காதுல கைய வெச்சுப் பாட்டு எடுக்கறப்போ எந்த டோல்காரனாவது குறுக்க அடிப்பானாடா? அடிச்சா உங்கப்பா உன்னை அடிச்சிருப்பார். அவர் தன் போக்குல பாடட்டும். உன் மெஷின் வாயை மூடிட்டு நிக்கட்டும். கடைசி வார்த்தை விழுந்த உடனே மொத்தத்தையும் கீழ போடு. கூரை இடிஞ்சு விழற மாதிரி."

சுக்கி அவளையே பார்த்தான். "அய்யோ" என்றான். "இது கிராமத்துல எப்பவும் நடக்கறதுதானே. நான் ஏன் அதை மெஷின்ல செய்யலை?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அதுவரை அவனும் அவன் கூட்டாளிகளும் பாட்டைத்தான் நறுக்கி நறுக்கி மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். மெஷினை மனுஷனுக்காக நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்த ஊரில் வந்த எத்தனையோ பாட்டுகளில் குரல் தனியாக நிற்க, அடி காத்திருந்து விழுவதைக் கேட்கலாம். அந்தக் குளிரில் டீ டம்ளரோடு நின்றவளைத்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

"இன்னொண்ணு" என்றாள் ரேஷம், வெளியே போகும்போது. "அதுல என் பேர் இருந்தா, எடுக்காதே."

ஜனவரி பதினொன்று, வியாழக்கிழமை. டிஸ்கோ நடந்த கூடத்துக்குள் மதியம் இரண்டு மணிக்கு ரேஷம் கௌரும் கர்னைல் சிங்கும் நுழைந்தார்கள். அவள் சல்வார் கமீஸுக்கு மேல் கம்பளிக் கோட்டு, அவர் நீலத் தலைப்பாகை.

அங்கே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பகல் டிஸ்கோவில் இதுவரை எந்த அப்பனும் அம்மாவும் காலடி வைத்ததில்லை. வாசல் பக்கம் நின்ற ஒரு பெண், "ஆன்ட்டி வந்துட்டாங்க!" என்று ஒரு அலறல் போட்டாள். யாருடைய ஆன்ட்டி என்று எவரும் நிதானிக்கவில்லை. அறுபது எழுபது பெண்கள் கழிவறையை நோக்கி ஓடினார்கள். பையன்கள் சிகரெட்டைக் காலால் நசுக்கினார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் புகுந்தான். ரேஷம் அவனைக் குனிந்து பார்த்து, "நீ தர்ஷனோட மகன்தானே? வெளிய வாடா, உங்கம்மாகிட்ட சொல்லமாட்டேன்" என்றாள்.

சுக்கி மைக்கில், "ஓடாதீங்க! யாரையும் தேடி வரலை! இவர் யார்னு தெரியுமா? இவர்தான் கர்னைல் சிங்!" என்றான்.

கூடம் அப்படியே நின்றது. பாட்டில் வருகிற கர்னைல் என்று ஒருவர் நிஜமாகவே இருப்பார் என்று அவர்களில் பாதிப் பேர் நினைத்ததே இல்லை. யாரோ ஒருவன் பழக்கத்தில் கையை முறுக்கப் போனான். பக்கத்தில் நின்றவள் அவன் முழங்கையைத் தட்டிவிட்டாள். "அங்கிள்கிட்ட இன்னிக்குப் பதில் இருக்கு. கேளுங்க" என்று, கொட்டகையில் பிடித்து வைத்திருந்த பாட்டைச் சுக்கி தட்டினான்.

அடி ஓடியது, ஓடியது, சட்டென்று நின்றது. அந்த அமைதியில் கர்னைல் சிங்கின் குரல் தனியாக எழுந்தது. வயல் வரப்பில் நின்று அடுத்த ஊர்க்காரனைக் கூப்பிடுகிற குரல்.

"ரேஷம் கௌரு நாக்கை ஊசின்னுதான் சொல்லணும்,
நூலே கோக்காம ஊரையெல்லாம் தைக்குது,
ஆயிரம் கோட்டுக்குப் பை தைச்ச கைக்குத்
தன் வாயைத் தைக்க நேரமில்லை, தை ரேஷமே, தை!"

கடைசி 'தை' விழுந்ததும் டோலும் மெஷினும் சேர்ந்து தரையில் இறங்கின. ரேஷத்துக்குக் காலடியில் பலகை துள்ளியது. அவள்தான் முதலில் சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'நூலே கோக்காம' என்ற இடம் தன் தொழிலுக்கே வந்து அடித்த அடி என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நல்ல பதிலை எட்டு மாதம் வயிற்றில் வைத்திருந்தாரே மனுஷன்!

"தை, தை, தை ரேஷமே, தை" என்று சுற்ற ஆரம்பித்தது. ஐந்நூறு பேரும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உதட்டின் மேல் தைத்துக்கொண்டு ஆடினார்கள். கழிவறையிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து அவர்களும் தைத்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் தைத்தார்கள். ஐந்தாவது தடவை அவள் சிரிப்பு கொஞ்சம் இறுகியது. பத்தாவது தடவை கன்னம் சுட்டது. மறுநாள் தொழிற்சாலைக்குப் போக வேண்டுமே என்று நினைத்தாள். கடைக்கு, குருத்வாராவுக்கு, பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸுக்கு. இந்தப் பிள்ளைகளிடம் துளி விஷம் கிடையாது, ஆட்டம்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சுற்றும் புதிதாக வந்து விழுந்தது. இதைத்தான் அந்த மனுஷன் ஐந்து மாதம் தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறார். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

கர்னைல் சிங் அவளைப் பார்த்தார். ஆடுகிறவர்களைத் தோளால் விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

"நிறுத்துடா."

"அங்கிள், என்ன சொல்றீங்க! கூடமே தூக்கிட்டுப் போகுது, பாருங்க!"

"நிறுத்துன்னா நிறுத்து. எங்க சம்பந்தியம்மா முகம் வாடிப்போச்சு."

சுக்கி கையை வைத்தான். மெஷின் நின்றது. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ரேஷம் கூடத்தின் நடுவிலிருந்து, "நிறுத்தாதீங்க வீர்ஜி. ஓடட்டும். என்னோடது அஞ்சு மாசம் ஓடலியா? எனக்கு வேணும்" என்றாள்.

"உங்களுக்கு வேணும், சரி. எனக்கு வேண்டாம்" என்றார் அவர். பேசிப் பழக்கமில்லாத மனுஷர், ஐந்நூறு பேர் முன்னால் வார்த்தையைத் தேடினார். "ஒரு தடவை சொன்னேன், நீங்க கேட்டீங்க, சிரிச்சீங்க. தீர்ந்துது. ஏசல்னா அவ்வளவுதான் பெஹன்ஜி." சுக்கியிடம் திரும்பி, "டேய், இதைக் கேசட்டுல போட்டே, உன் கொட்டகையை பஸ்ஸால இடிச்சுடுவேன்" என்றார். பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். முறைப்படி இப்போது அவள் முறை. பதிலுக்குப் பதில் அவள் எடுத்துவிட வேண்டும். ஐந்நூறு பேரும் வாய் பார்த்தார்கள். ரேஷம் கௌர் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஏசல் வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

"பரவாயில்லை, அவசரமில்லை" என்றார் கர்னைல் சிங், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நாளன்னிக்கு லோஹ்ரிக்குக் கொண்டு வாங்க. தீயைச் சுத்தி எங்க ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. எவ்வளவு வேணும்னாலும் ஏசிப் பாடுங்க, நான் எழுந்து பதில் சொல்றேன். சுக்கியையும் கூட்டிட்டு வாங்க, டோல் மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவள் சுக்கியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"எத்தனை பேர் வருவீங்கன்னு இன்னிக்கே தல்ஜீத்கிட்ட சொல்லிடுங்க. ரொட்டிக்குச் சோள மாவு வாங்கணும். பாவம், நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு ஒரு வாரமா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா."